விற்க முடியாத குளவி: பப்பாளி மாவுப்பூச்சி போன கதை

பப்பாளி மாவுப்பூச்சி என்று ஒன்று வந்து கொங்கு நாட்டையே ஒரு ஆட்டு ஆட்டியது இன்றைக்குப் பலருக்கு மறந்தே போயிருக்கும். 2008க்கும் 2010க்கும் நடுவில் கோவை, ஈரோடு, திருப்பூர், சேலம், நாமக்கல் பக்கம் விவசாயம் பார்த்தவர்களிடம் கேட்டுப்பாருங்கள், அவர்களுக்கு மறந்திருக்காது. பப்பாளி, மல்பெரி, குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி, பருத்தி, வாசலில் நிற்கிற செம்பருத்தி, வேலியோரத்துப் பார்த்தீனியம் வரை பச்சையாக இருந்ததன் மேலெல்லாம் வெள்ளை வெள்ளையாக அப்பிக்கொண்டு கிடந்தது. பிறகு 2011வாக்கில் அது அடங்கிவிட்டது. அடங்கியதும் எல்லோரும் வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டோம், அது எப்படி அடங்கியது என்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

அது மருந்து அடித்துப் போகவில்லை. மழையில் கரைந்தும் போகவில்லை. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு குளவி அதை அடக்கியது. அந்தக் குளவி அன்றைக்கு எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை, இன்றைக்கும் கிடைக்காது, அதை வைத்து யாராலும் வியாபாரம் பண்ணவும் முடியாது. அதனால்தான் அதைக் கொண்டுவந்து பரப்பப் பல்கலைக்கழகமும் அரசு ஆராய்ச்சி நிலையமும் வேண்டியிருந்தன என்பது என் கட்சி. வேளாண் பல்கலைக்கழகம் என்றாலே புது ரகம், உரச் சிபாரிசு, பட்டமளிப்பு விழா என்றுதான் நமக்கு ஞாபகம் வருகிறது. அவர்கள் செய்கிற வேலையில் மிகப் பெரிய பலன் தந்த ஒன்று விளம்பரமே இல்லாமல் நடந்து முடிந்திருக்கிறது.

முதலில் பூச்சியைப் பார்ப்போம். பெண் மாவுப்பூச்சி மஞ்சள் நிறம், மேலே மாவு தூவியதுபோல மெழுகுப் பூச்சு, உடம்பின் ஓரத்தில் குட்டை குட்டையாக மெழுகு இழைகள். சிறகு கிடையாது. இருந்த இடத்திலேயே உட்கார்ந்து சாற்றை உறிஞ்சிக்கொண்டு, பஞ்சுமாதிரி ஒரு பையை உண்டாக்கி அதில் நூற்றுக்கணக்கில் முட்டை வைக்கும். முட்டையிலிருந்து வருகிற குஞ்சுகள்தான் ஊர்ந்து பரவுகிறவை, காற்று அடித்துப்போகும், எறும்பு தூக்கிப்போகும், வேலைக்கு வருகிறவர்களின் துணியில் ஒட்டிக்கொண்டு பக்கத்துத் தோட்டம் போகும், லாரியில் ஏறும் பழத்தோடும் விதைக்குச்சியோடும் மாவட்டம் தாண்டும். உறிஞ்சிய சாற்றில் வேண்டாத சர்க்கரையைத் தேன்போல வெளியே விடுகிறது, அது இலையில் வழிந்து அதன் மேல் கரும்பூசணம் பிடிக்கிறது, இலை கறுத்துச் சுருண்டு மரமே சோர்ந்துவிடுகிறது. அந்தத் தேனுக்காக வருகிற எறும்பு, மாவுப்பூச்சியைத் தின்ன வருகிற மற்றப் பூச்சிகளை விரட்டிவிடும். ஆக, வந்த திருடனுக்கு நம் ஊர் எறும்பே காவல்.

இதன் சொந்த ஊர் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். அங்கே இது ஒரு பெரிய பிரச்சினையே இல்லை. 1955இலேயே மெக்சிகோவில் மாதிரி சேகரித்திருந்தும், 1992வரை இதற்கு முறையாக ஒரு அறிவியல் பெயர் வைக்கக்கூட யாருக்கும் அவசரம் இருக்கவில்லை. அங்கே இதைத் தின்று வாழும் குளவிகள் எப்போதும் கூடவே இருந்ததுதான் காரணம். 1990களின் நடுவில் இது கரீபியத் தீவுகளுக்குப் போனது, 1998இல் ஃபுளோரிடா, 2002இல் பசிபிக்கில் உள்ள குவாம் தீவு, 2008இல் இந்தோனேசியா, இலங்கை, கோயம்புத்தூர். போன இடமெல்லாம் எதிரியைச் சொந்த ஊரிலேயே விட்டுவிட்டுத் தான் மட்டும் போனது. புது இடத்தில் ஒரு பூச்சி திடீரென்று வெறிபிடித்த மாதிரி பெருகினால் பெரும்பாலும் இதுதான் சங்கதி.

நம் ஊரில் அதைத் தின்ன ஆளே இல்லை என்று சொல்ல முடியாது. ஸ்பால்ஜிஸ் எபியஸ் என்று ஒரு சின்னப் பட்டாம்பூச்சி இருக்கிறது, அதன் புழு இலையைத் தின்னாது, மாவுப்பூச்சியைத்தான் தின்னும். அதன் கூட்டுப்புழுவை உற்றுப் பார்த்தால் அப்படியே குரங்கு முகம், கண் மூக்கு எல்லாம் வரைந்து வைத்த மாதிரி இருக்கும், நம்பாதவர்கள் படம் தேடிப் பாருங்கள். 1898இல் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டும் இங்கே உண்டு, அதை வளர்த்து விடவும் செய்தார்கள். இவையெல்லாம் தின்றன, ஆனால் மாவுப்பூச்சி பெருகுகிற வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை.

அப்போது விவசாயி என்ன செய்வார்? மருந்து அடிப்பார். வேறு வழி என்ன இருக்கிறது, பயிர் கண்ணெதிரே போய்க்கொண்டிருக்கிறது, பூச்சி மருந்துக் கடைக்காரர் ஒரு பாட்டிலை எடுத்து நீட்டுகிறார், கடனாகவும் தருகிறார். ஆனால் மெழுகுப் பூச்சுக்குள் உட்கார்ந்திருக்கிற பூச்சிமேல் மருந்து ஒட்டாமல் வழிந்துவிடும், பஞ்சுப் பைக்குள் இருக்கிற முட்டைக்கு ஒன்றும் ஆகாது. பத்துப் பதினைந்து நாளில் திரும்ப வெள்ளை. திரும்ப அடி. இதற்குள் அந்தக் குரங்குமுகப் புழுவும் பொறிவண்டும் செத்திருக்கும். அடிக்க அடிக்கப் பூச்சி கூடியதாக விவசாயிகள் சொன்னதில் பொய் இல்லை.

மல்பெரிக்காரர்கள் பாடு இன்னும் மோசம். பட்டுப்புழுவும் பூச்சிதானே. மருந்து அடித்த இலையைப் போட்டால் புழு செத்துவிடும், அடிக்காமல் விட்டால் இலையே இருக்காது. மருந்தின் வீரியம் போகும்வரை காத்திருக்க வேண்டும், ஆனால் தட்டில் இருக்கிற புழு காத்திருக்காது, அதற்குத் தினமும் இலை வேண்டும். மல்பெரியை வேரோடு பிடுங்கிப் போட்டவர்கள் உண்டு. பப்பாளித் தோட்டத்தை வெட்டிச் சாய்த்தவர்களும் உண்டு, அதில் பழத்துக்குப் போட்டவர்கள் மட்டுமில்லை, காயைக் கீறிப் பால் எடுத்துப் பப்பெயின் தயாரிக்கக் கொடுக்கிறவர்களும் சேர்த்தி.

இப்போது கதையில் முக்கியமான இடம். இது என்ன பூச்சி என்று யார் சொன்னது?

மாவுப்பூச்சிகளில் நிறைய வகை உண்டு, வெறும் கண்ணுக்கு எல்லாம் வெள்ளையாகத்தான் தெரியும். சரியாகப் பெயர் சொல்ல வேண்டுமானால் அதைப் பிடித்து, உள்ளே இருப்பதையெல்லாம் கரைத்து எடுத்துவிட்டு, தோலை மட்டும் சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் பதித்து, நுண்ணோக்கியில் துளைகளையும் முடிகளையும் எண்ண வேண்டும். உலகத்தில் இதைத் திருத்தமாகச் செய்யத் தெரிந்தவர்கள் மிகவும் சொற்பம். ஒரு சின்னத் தடயம் உண்டு, பப்பாளி மாவுப்பூச்சியை ஆல்கஹாலில் போட்டு வைத்தால் மஞ்சள் நிறம் போய்க் கறுத்துவிடும், ஆனால் அது சந்தேகத்தைக் கிளப்பத்தான் உதவும், தீர்ப்புச் சொல்ல உதவாது.

கோயம்புத்தூரில் 2008இல் இதை இன்னதென்று கண்டு உலகுக்கு அறிவித்தவர்களில் ஒருவர் பூச்சியியலாளர் ஆர். முனியப்பன். அப்போது அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் நடத்திவந்த ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மைத் திட்டத்தில் இருந்தார். அதற்கு முன்னால் குவாம் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டு வேலை பார்த்தவர். 2002இல் குவாமுக்குள் இதே பூச்சி நுழைந்தபோது அங்கே குளவியைக் கொண்டுவந்து அடக்கிய குழுவில் அவரும் இருந்தார். ஆக, கோயம்புத்தூரில் பார்த்தபோது அவருக்குத் தெரிந்தது பூச்சி மட்டுமில்லை, அதற்கு என்ன வைத்தியம், அந்த வைத்தியம் எந்த ஊரில் இருக்கிறது என்பதும் தெரியும். ஒரு தீவில் ஆறு வருடத்துக்கு முன்னால் செய்த வேலை நொய்யல் கரையில் வந்து பயன்பட்டது. ஆராய்ச்சிக்குக் காசு ஒதுக்கும்போது 'இதனால் உடனடிப் பயன் என்ன' என்று ஒரு கட்டம் போட்டு வைத்திருப்பார்களே, அந்தக் கட்டத்தில் இதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

வைத்தியம் இருந்த ஊர் புவர்ட்டோ ரிக்கோ. கரீபியத் தீவுகளில் பூச்சி பரவியபோது, அமெரிக்க வேளாண்துறை மெக்சிகோவுக்கு ஆள் அனுப்பி இதன் இயற்கை எதிரிகளைத் தேடிப்பிடித்து, புவர்ட்டோ ரிக்கோவில் வைத்து வளர்த்து வந்தது. புவர்ட்டோ ரிக்கோவிலும் டொமினிக்கன் குடியரசிலும் அவற்றை விட்ட இடங்களில் மாவுப்பூச்சி நூற்றுக்கு 97க்குக் குறையாமல் விழுந்தது. இலங்கை 2009இல் குளவியை வரவழைத்துக்கொண்டது. இந்தியாவுக்கு 2010 ஜூலையில்தான் வந்தது. பெங்களூரில் இருக்கிற தேசிய வேளாண் பூச்சிகள் பணியகம் அதை வாங்கித் தனிமைக் கூடத்தில் வைத்து, மற்ற உயிர்களுக்குத் தொந்தரவு இல்லை என்று பார்த்த பிறகுதான் வெளியே விட அனுமதி கிடைத்தது. வந்தவை மூன்று வகை. அதில் நம் ஊரில் சக்கைப்போடு போட்டது அசிரோபேகஸ் பப்பாயே.

குளவி என்றதும் கொட்டுகிற குளவியை நினைக்காதீர்கள். இது மனிதரைக் கொட்டாது, கண்ணுக்கே சரியாகத் தெரியாது, இலைமேல் ஒரு ஆரஞ்சுத் துகள் நகர்கிற மாதிரி இருக்கும். பெண் குளவி, இளம் பருவ மாவுப்பூச்சியாகப் பார்த்து உடம்புக்குள் முட்டையைச் செருகிவிடும். முட்டை பொரிந்து வருகிற புழு மாவுப்பூச்சியை உள்ளிருந்தே தின்னும். கொஞ்ச நாளில் மாவுப்பூச்சி உப்பி, பழுப்பாகி, உருளையாக இறுகிப் போகும், அதைத்தான் மம்மி என்கிறார்கள். அப்புறம் ஒரு ஓரத்தில் வட்டமாக ஓட்டை போட்டுக்கொண்டு புதுக் குளவி வெளியே வரும். கைலென்ஸ் வைத்துப் பார்த்தால் அந்த ஓட்டை துளைப்பான் வைத்துப் போட்டதுபோல அத்தனை சுத்தமாக இருக்கும்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், இந்தக் குளவிக்கு வேறு சாப்பாடு சரிப்படாது. இந்த மாவுப்பூச்சி இருந்தால்தான் பிழைக்கும். மாவுப்பூச்சி நிறைய இருந்தால் குளவி பெருகும், மாவுப்பூச்சி குறைந்தால் குளவியும் குறையும், அடியோடு ஒழித்துக்கட்டாது. அங்கங்கே கொஞ்சம் மாவுப்பூச்சி எப்போதும் இருக்கும், அதைத் தேடிக்கொண்டு கொஞ்சம் குளவியும் இருக்கும். ஊரெல்லாம் நாம் திட்டுகிற பார்த்தீனியச் செடிகூட இந்தக் கணக்கில் ஒரு சத்திரம்தான், பயிர் இல்லாத காலத்தில் இரண்டும் அதில் தங்கிக்கொள்ளும்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் செய்தது இந்தக் குளவியைப் பெருக்கி ஊர் ஊராகச் சேர்த்தது. கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் குளவி வளர்க்க முதலில் மாவுப்பூச்சி வளர்க்க வேண்டும், மாவுப்பூச்சி வளர்க்க அதற்குத் தீனி வேண்டும். முளைவிட்ட உருளைக்கிழங்கை இருட்டறையில் வைத்து, அந்த முளைமேல் மாவுப்பூச்சியை ஏற்றி, அது பெருகியதும் கூண்டுக்குள் குளவியை விட்டு, மம்மியானதைச் சேகரித்து, வெளிவருகிற குளவியைக் குப்பியில் பிடிக்க வேண்டும். 2010 அக்டோபரிலிருந்து ஆராய்ச்சி நிலையங்கள், வேளாண் அறிவியல் நிலையங்கள் வழியாக அந்தக் குப்பிகள் கிராமங்களுக்குப் போயின. மல்பெரித் தோட்டங்களுக்கு மத்தியப் பட்டு வாரியமும் சேர்ந்துகொண்டது. ஏக்கருக்கு இத்தனை லிட்டர் என்கிற கணக்கெல்லாம் இதில் கிடையாது. ஒரு இடத்தில் கொஞ்சம் விட்டால் போதும், மீதியைக் குளவி பார்த்துக்கொள்ளும்.

குப்பி கொடுப்பதைவிடக் கஷ்டமான வேலை ஒன்று இருந்தது, குளவி விட்ட பிறகு மருந்து அடிக்காதீர்கள் என்று சொல்லிப் புரியவைப்பது. கண்ணெதிரே பயிர் வெளுத்துக் கிடக்கும்போது, கண்ணுக்குத் தெரியாத ஒன்றை நம்பிச் சும்மா இரு என்றால் யார் இருப்பார்கள்? சில வாரங்கள் ஒன்றும் நடக்காத மாதிரிதான் தெரியும். அப்புறம் ஐந்தாறு மாதத்துக்குள் பல இடங்களில் மாவுப்பூச்சியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

இதனால் என்ன மிச்சம் என்று வர்ஜீனியா டெக்கும் கோவை ஆட்களும் சேர்ந்து கணக்குப் போட்டு 2014இல் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். முதல் வருடத்திலேயே 12 கோடி டாலரிலிருந்து 31 கோடி டாலர்வரை நன்மை, ஐந்து வருடத்தில் 52 கோடியிலிருந்து 134 கோடி டாலர்வரை என்று சொல்கிறது அது. கீழ்க்கணக்குக்கும் மேல்கணக்குக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். குளவி வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஊகித்துப் போடுகிற கணக்கு எப்போதும் இப்படித்தான் அகலமாக வரும். அதோடு கணக்குப் போட்டவர்களில் முனியப்பனும் ஒருவர், தன் பிள்ளைக்குத் தானே மார்க் போட்டதாக ஒருவர் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். இருந்தாலும் கீழ்க்கணக்கையே எடுத்துக்கொண்டு அதையும் பாதியாக்கினாலும், சில குப்பிக் குளவிக்கும் உருளைக்கிழங்குக்கும் ஆய்வுக்கூடச் சம்பளத்துக்கும் ஆன செலவின் பக்கத்தில் அது மலை.

இத்தனை லாபமான சரக்கு என்றால் ஏன் ஒரு கம்பெனியும் எட்டிப் பார்க்கவில்லை? இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஒரு கம்பெனி இந்தக் குளவியை ஒரு குப்பி ஆயிரம் ரூபாய் என்று விற்கிறது என்று வையுங்கள். ஊரில் ஒருவர் வாங்கி விட்டால் இரண்டு மாதத்தில் ஊர் முழுக்கக் குளவி. பக்கத்துக்காரர் வாங்க மாட்டார், வாங்கினவரும் அடுத்த வருடம் வாங்க மாட்டார். ஒரே தடவை, ஒரே குப்பி, வியாபாரம் முடிந்தது. கரும்பிலும் நெல்லிலும் கட்டுகிற டிரைக்கோகிரம்மா அட்டையும் உயிரியல் முறைதான், அதுவும் குளவிதான், பயிரைத் தின்கிற பூச்சியின் முட்டைக்குள் வளர்கிற வகை, ஆனால் அதைத் திரும்பத் திரும்ப விட வேண்டும், அதனால் அதற்குச் சந்தை இருக்கிறது, தனியார் ஆய்வுக்கூடங்கள் தயாரித்து விற்கின்றன. ஒரு தடவை விட்டால் நிலைத்துவிடுகிற குளவிக்குச் சந்தை இல்லை. எவ்வளவு நன்றாக வேலை செய்கிறதோ அவ்வளவுக்கு அதை விற்க முடியாது. விற்க முடியாததை ஆராய்ச்சி பண்ண வரிப்பணம்தான் வர வேண்டும், வேறு யார் வருவார்கள்?

தென்னிந்தியாவுக்கு இது புதிதும் இல்லை. பட்டுத்துணிக்குச் சிவப்புச் சாயம் வேண்டும் என்று 1795இல் கிழக்கிந்தியக் கம்பெனி பிரேசிலிலிருந்து சாயப்பூச்சி என்று நினைத்து ஒன்றை இந்தியாவுக்கு வரவழைத்தது. வந்தது வேறு வகை, சாயம் தேறவில்லை, ஆனால் அது ஒரு வகைச் சப்பாத்திக்கள்ளியைத் தின்று தீர்த்தது. அதைப் பார்த்துத்தான் பின்னால் 1830களில் தெற்கே வேண்டுமென்றே கொண்டுவந்து விட்டார்கள், 1860களில் இலங்கையிலும் விட்டார்கள். இன்னொரு வகைக் கள்ளிக்காக 1926இல் இலங்கையிலிருந்து வேறொரு பூச்சி இங்கே வந்தது. ஒரு காலத்தில் மேய்ச்சல் நிலத்தையெல்லாம் அடைத்துக்கொண்டு நின்ற கள்ளிக்காடு இன்றைக்கு இல்லை என்றால் அதற்கு இந்தப் பூச்சிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. 1928இல் நீலகிரியில் வாட்டில் மரங்களில் பஞ்சுச் செதில்பூச்சி வந்தபோது கலிஃபோர்னியாவிலிருந்தும் எகிப்திலிருந்தும் ஒரு பொறிவண்டை வரவழைத்து அடக்கினார்கள். கேரளத்தில் ஆப்பிரிக்கன் பாயல் என்று மக்கள் சொல்கிற சால்வீனியா நீர்க்களை குட்டநாட்டு வாய்க்காலையும் வயலையும் மூடிக்கிடந்தபோது, 1980களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு கூன்வண்டு அதைச் சில வருடத்தில் ஒடுக்கியது, அதில் கேரள வேளாண் பல்கலைக்கழகத்துக்குப் பங்கு உண்டு.

வெளிநாட்டிலிருந்து உயிரைக் கொண்டுவந்து விடுவதா, அது நம்மைத் திருப்பித் தாக்கினால் என்ன ஆவது என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், பயம் நியாயம்தான். 1935இல் ஆஸ்திரேலியாக் கரும்புக்காட்டில் வண்டு தின்ன வேண்டும் என்று தேரையைக் கொண்டுபோய் விட்டு, அது வண்டைத் தவிர மற்றதையெல்லாம் தின்று இன்றுவரை அவர்கள் அதோடு மல்லுக்கட்டுகிறார்கள். கிடைத்ததைத் தின்கிற பிராணியை விட்டால் அப்படித்தான் ஆகும். ஒரே ஒரு பூச்சியை மட்டும் தின்று வாழ்கிறதா என்று சோதித்து விடுவது வேறு. அந்தச் சோதனைக்குத்தான் தனிமைக் கூடமும் அனுமதிக் கடிதமும். தேவையில்லாத சிவப்புநாடா என்று அதைத் தூக்கி எறிய முடியாது.

ஆனால் அது எடுத்துக்கொள்கிற காலத்தைப் பற்றிப் பேசலாம். 2008இல் பூச்சி இன்னதென்று தெரிந்தது, வைத்தியமும் தெரிந்திருந்தது, குளவி வெளியே போனது 2010 அக்டோபரில். இடையில் போன இரண்டு வருடத்தில் எத்தனை தோட்டம் வெட்டப்பட்டது? சரி, முதல் அனுபவம், பாடம் படித்திருப்பார்கள் என்று பார்த்தால், 2020 ஏப்ரலில் கேரளத்துத் திருச்சூரில் வேறொரு மாவுப்பூச்சி கண்டுபிடிக்கப்பட்டது. இது மரவள்ளிக்கென்றே பிறந்த மாவுப்பூச்சி, பெயர் பீனகாக்கஸ் மனிஹாட்டி, தென் அமெரிக்கச் சரக்கு. சேலம், நாமக்கல் பக்கம் பரவிக் குச்சிக்கிழங்கின் நுனியெல்லாம் முட்டைக்கோஸ் மாதிரி சுருட்டிவிட்டது, ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு வரத்து என்னாகும் என்ற கவலை வந்தது.

இதற்கும் வைத்தியம் ஊரறிந்ததுதான். 1970களில் இதே பூச்சி ஆப்பிரிக்காவில் மரவள்ளியை அழித்தது, மரவள்ளியை நம்பி அங்கே சுமார் 20 கோடிப் பேர் இருந்தார்கள். நைஜீரியாவின் இபாடனில் இருக்கும் பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் நிறுவனத்தில் ஹான்ஸ் ஹெரன் என்ற சுவிஸ் பூச்சியியலாளர் தலைமையில் பராகுவேயிலிருந்து வந்த அனகைரஸ் லோபெசி என்ற குளவியை 1981 முதல் விட்டார்கள், சில இடங்களில் விமானத்திலிருந்தேகூடக் குளவியைத் தூவினார்கள். அதற்காக ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. தாய்லாந்தில் 2008இல் பூச்சி நுழைந்தது, 2009இலேயே அவர்கள் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து குளவியை வரவழைத்துவிட்டார்கள். நமக்கு அதே பெனினிலிருந்து 2021இல் வந்து, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வைத்து விட்டார்கள். கொரோனா குறுக்கே வந்தது உண்மை, அதைக் கழித்துவிட்டுத்தான் பேசுகிறேன். இருந்தாலும் திரும்பவும் அதே இரண்டு வருடம். எந்தப் பூச்சி அடுத்து வரக்கூடும், அதன் எதிரி எங்கே இருக்கிறது, அனுமதிக்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்பதைப் பூச்சி வரும் முன்பே தயாரித்து வைத்தால் பாதிக் காலம் மிச்சமாகும். அதைச் செய்ய ஆளும் சம்பளமும் வேண்டும், பூச்சி இல்லாத வருடத்தில் அந்தச் சம்பளத்தை யார் நியாயப்படுத்துவது என்பதுதான் சிக்கல்.

பல்கலைக்கழகங்கள்மேல் கோபமாக இருக்கிற இயற்கை விவசாய நண்பர்கள் இதைப் படித்தால் சிரிக்கலாம். அவர்கள் கோபத்திலும் விஷயம் இருக்கிறது. நம்மாழ்வார் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்து, கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து, மானாவாரி விவசாயிக்குக் கட்டுப்படியாகாத உரத்தையும் மருந்தையும் வைத்து நடக்கிற ஆராய்ச்சியில் அர்த்தமில்லை என்று 1969இல் வெளியே வந்தவர். பயிர்ப் பாதுகாப்பு என்றால் இன்ன மருந்தை லிட்டருக்கு இத்தனை மில்லி என்று சிபாரிசு எழுதிய கைகள் குளவி வளர்த்த அதே வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில்தான் இருந்தன, இருக்கின்றன. ஒரே வளாகத்தில் ஒரு அறையில் மருந்துச் சிபாரிசும் அடுத்த அறையில் குளவி வளர்ப்பும் நடக்கிறது. நான் சொல்வது, இரண்டாவது அறைக்கு ஒதுக்குகிற காசு முதல் அறையைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும் என்பதுதான். பல்கலைக்கழகமே வேண்டாம் என்றால் அந்த இரண்டாவது அறையும் சேர்ந்து போய்விடும்.

காசு என்றதும் இன்னொன்று. முனியப்பன் இருந்த அந்தத் திட்டத்துக்குப் பணம் கொடுத்து வந்தது அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்டு. 2025இல் அந்த அமைப்பையே இழுத்து மூடிவிட்டார்கள். எங்கோ ஒரு நாட்டில் பார்த்த பூச்சியை இன்னொரு நாட்டில் அடையாளம் சொல்ல ஆள் இருப்பது இப்படிப்பட்ட திட்டங்களால்தான். இனி அந்த வேலையை நம் பல்கலைக்கழகங்களே காசு போட்டுச் செய்ய வேண்டியிருக்கும்.

பொள்ளாச்சித் தென்னைக்காரர்களுக்கு இதெல்லாம் பழங்கதை இல்லை. 2016இல் அங்கே சுருள் வெள்ளை ஈ வந்தது, ஓலையின் அடியில் வட்ட வட்டமாக வெள்ளையாக முட்டை வைக்கிறது, கீழே இருக்கிற ஓலை கறுத்துப்போகிறது, பார்க்கவே பதறும். இதன் எதிரியான என்கார்சியா குவாடலூபே என்ற குளவியை இந்த முறை யாரும் விமானம் ஏற்றிக் கொண்டுவர வேண்டியிருக்கவில்லை, தோப்புகளில் தேடியபோது அதுவே வேலை பார்த்துக்கொண்டிருந்தது. மருந்து அடிக்காதீர்கள், தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள், மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள், குளவி தங்கிப் பெருகத் தோப்பில் கல்வாழை நடுங்கள் என்றுதான் பல்கலைக்கழகம் சொன்னது. கேட்டவர்களும் உண்டு, பொறுமை போய் மரத்துக்கு மருந்து அடித்தவர்களும் உண்டு. அறுபது அடி உயர மரம் கறுத்து நிற்கும்போது கல்வாழை நடச் சொன்னால் எரிச்சல் வரத்தான் செய்யும், அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதோடு மாவுப்பூச்சி அளவுக்குச் சுத்தமான வெற்றி தென்னையில் இன்னும் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

குச்சிக்கிழங்கோ பப்பாளியோ வைத்திருப்பவர்கள் செய்யக்கூடியது இவ்வளவுதான். இலையில் வெள்ளையாகக் கண்டதும் தெளிப்பானை எடுக்காமல் முதலில் இலையைத் திருப்பிக் கைலென்ஸில் பாருங்கள். அது இல்லாவிட்டால் செல்போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தாலும் தெரியும். வெள்ளைப் பூச்சிகளுக்கு நடுவே பழுப்பாக உப்பிய உடல்களும் அதில் வட்ட ஓட்டையும் இருந்தால் குளவி வந்துவிட்டது என்று அர்த்தம், மருந்துக்கு வேலை இல்லை, எறும்பை மட்டும் அண்டவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஓட்டை ஒன்றுகூடக் காணோம், பூச்சியோ நாளுக்கு நாள் கூடுகிறது என்றால், பூச்சி இருக்கிற நுனியை அப்படியே கிள்ளி ஒரு பாலித்தீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்துக்குக் கொண்டுபோய் இது எந்த மாவுப்பூச்சி என்று கேளுங்கள். மருந்துப் பெயர் எழுதிய சீட்டைக் கொடுத்து அனுப்பப் பார்த்தால் வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டாம், குளவி கிடைக்குமா, எந்த ஆராய்ச்சி நிலையத்தில் வளர்க்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வாருங்கள்.